கருப்புப் புத்தகம்: சிப்பாய்ப் பிள்ளைகளின் ஒழுக்கத்தை அளந்த கதை

பதினைந்து வயதுப் பையனுக்கு எவ்வளவு கணக்கு வரும் என்று பரீட்சை வைத்துச் சொல்லிவிடலாம். எவ்வளவு உயரம் தாண்டுவான் என்று கம்பு கட்டிப் பார்த்துவிடலாம். அவன் எவ்வளவு நல்லவன் என்று அளக்க முடியுமா?

முடியும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 'ஒழுக்க நுண்ணறிவு' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ் 1997இல் குழந்தைகளின் ஒழுக்க நுண்ணறிவு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 2001இல் மிஷேல் போர்பா அதை ஏழு குணங்களாகப் பிரித்தார்: பிறர் துயரை உணர்தல், மனசாட்சி, தன்னடக்கம், மரியாதை, இரக்கம், சகிப்பு, நியாயம். 2005இல் டக் லெனிக், ஃப்ரெட் கீல் என்ற இருவர் எழுதிய புத்தகத்தோடு 40 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட்டுக் கூட்டினால் உங்கள் ஒழுக்கம் ஒரு நம்பராக வந்துவிடும்.

இந்த மாதிரிப் படிவங்களைக் கொண்டுபோய் அளக்கப்படுகிறவர்களில் முன்னாள் ராணுவத்தாரின் பிள்ளைகளும் உண்டு. ஏன் அவர்கள் என்பது எங்க ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். ஆரணி பட்டுத்தறி ஊர். ஆனால் சுற்றிலும் இருக்கும் பழைய வட ஆர்க்காட்டுக் கிராமங்கள் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய கிராமங்கள். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். இங்கே பட்டாளத்துக்காரர் பிள்ளையைப் பற்றி ஊர் இரண்டு விதமாகப் பேசும். "மிலிட்டரிக்காரர் பையன், கட்டுப்பாடா வளர்ந்தவன்" என்பது ஒன்று. "அப்பன் வருஷத்துக்கு ரெண்டு மாசம்தான் ஊர்ல, கேக்க ஆள் இல்லாம வளர்ந்த பையன்" என்பது இன்னொன்று. ஒரே பையனைப் பற்றி ஒரே திண்ணையில் இரண்டையும் கேட்கலாம்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி ஒருவர் நம்ம ஊரிலேயே, அதுவும் இருநூறு வருஷத்துக்கு முன்பே, ஒரு பரிசோதனை நடத்தியிருக்கிறார். அதன் பெயரிலேயே 'பரிசோதனை' என்ற சொல் உண்டு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

ஆரணியில் சண்டை, எழும்பூரில் பிள்ளைகள்

1780இல் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் பெரும்படையோடு இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அடுத்த வருஷம் பரங்கிப்பேட்டை, மறுபடி பொள்ளிலூர், சோளிங்கர் என்று வரிசையாகச் சண்டை. 1782 ஜூன் 2ஆம் தேதி ஆரணி. ஹைதரின் தளவாடங்களும் தானியமும் ஆரணிக் கோட்டையில் இருந்தன. அதைக் குறிவைத்து சர் அயர் கூட் வந்தார். நாள் முழுக்கச் சண்டை நடந்தது. கோட்டை அவர் கைக்கு வரவில்லை, திரும்பிப் போனார்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் போர்களைத் தேதியாகப் படித்தோம். அந்தத் தேதிகளுக்குப் பின்னால் யார் மிஞ்சினார்கள் என்று படிக்கவில்லை. கம்பெனிப் படையின் ஐரோப்பிய சிப்பாய்களில் பலர் இங்கேயே பெண்களோடு குடும்பமாக வாழ்ந்தவர்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் பெண்கள். சிப்பாய் குண்டடி பட்டோ காய்ச்சலிலோ போய்ச் சேர்ந்தால் பிள்ளைகள் சென்னைத் தெருக்களில் நின்றார்கள். 1787இல் கவர்னர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல்லின் மனைவியின் முயற்சியில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் வந்தது. 1789இல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான காப்பகம் திறந்தது. அதன் கண்காணிப்பாளராக வந்தவர் பாதிரியார் ஆண்ட்ரூ பெல்.

பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர். முடிதிருத்துபவரின் மகன். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் வீட்டு வாத்தியாராக இருந்தவர். கல்கத்தா போகக் கிளம்பி, 1787இல் சென்னையில் இறங்கி, இங்கேயே தங்கிவிட்டார். காப்பக வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். பல ரெஜிமென்டுகளுக்கு ஒரே நேரத்தில் பாதிரியாராக இருந்து, 1796இல் ஊர் திரும்பும்போது 25,000 பவுனுக்கு மேல் சேர்த்திருந்தார். மனிதர்கள் இப்படித்தான், ஒரே கலவையாக இருப்பார்கள்.

காப்பகத்துப் பிள்ளைகளைப் பற்றி அன்றைய ஆங்கிலேயர் மத்தியில் ஒரு முடிவு ஏற்கெனவே இருந்தது. கலப்பில் பிறந்தவர்கள் அறிவிலும் குணத்திலும் பிறவியிலேயே குறைந்தவர்கள், பொய்யும் பிடிவாதமும் ரத்தத்தில் வந்தது என்பதுதான் அது. காரணம் தாய் என்று நினைத்தார்கள். அதனால் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதே முதல் சீர்திருத்தம் என்று கருதப்பட்டது.

மணல்

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது பெல் ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்த்தார். மலபார் என்றால் கேரளம் இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் தமிழையும் அப்படித்தான் சொன்னார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். செலவில்லாத சிலேட்டு! பெல் தன் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னார். கீழ் வகுப்பு வாத்தியார் மறுத்துவிட்டார். பெல் வாத்தியாரோடு மல்லுக்கட்டவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை, ஒரு சாதாரண சிப்பாயின் மகனை, கூப்பிட்டு, "நீ சொல்லிக்கொடு" என்று அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் விட்டுவிட்டார்.

அது வேலை செய்தது. பிறகு பள்ளி முழுக்க அதே முறை. வகுப்பில் பையன்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர்களுக்கு மேலே உதவி ஆசிரியன், அவனுக்கு மேலே ஆசிரியன், எல்லாரும் பிள்ளைகளே. பெரிய வாத்தியார்கள் மேற்பார்வைக்கு மட்டும். சுமார் இருநூறு பிள்ளைகள் இப்படிப் படித்தார்கள்.

நம் வாசகர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள். இது நம்ம சட்டாம்பிள்ளைதானே! திண்ணைப் பள்ளியில் மூத்த பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தருவது இங்கே பரம்பரை வழக்கம். 1822இல் தாமஸ் மன்றோ உத்தரவின் பேரில் சென்னை மாகாணம் முழுக்க உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுத்தார்கள். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று 1826இல் மன்றோ தொகுத்துச் சொன்னார். அந்தக் கணக்கெடுப்பில் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை முக்கியமானது. மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் இந்த உள்ளூர் முறையை இங்கிலாந்து எடுத்துக்கொண்டது நியாயமே என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார்.

அதே அறிக்கையில் இன்னொரு தகவல். காலையில் பள்ளிக்கு முதலில் வந்த பையன் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர் எழுதப்படும். அது பாராட்டு. இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு பூஜ்யம். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாமவனுக்குப் பிரம்பால் ஒரு மெல்லிய தட்டு, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டு போகும். பூஜ்யத்தை இவ்வளவு அழகாக யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. ஒழுக்கத்தை எண்ணாக மாற்றும் வேலை நமக்கும் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கருப்புப் புத்தகம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். பெல்லுக்குப் பாடம் மட்டும் நோக்கம் இல்லை. படிப்பாளி ஆக்குவதோடு நல்ல மனிதனாகவும் தன் மத வழக்கப்படி நல்ல கிறிஸ்தவனாகவும் ஆக்க வேண்டும். ஆகிறானா என்று தெரிய வேண்டுமே? அதற்கு அவர் பதிவேடுகள் வைத்தார். அன்றன்று முடித்த பாடத்துக்கு ஒன்று. இன்னொன்றின் பெயர் 'கருப்புப் புத்தகம்'. சோம்பல், அலட்சியம், பொய், சண்டை என்று எந்தத் தவறும் அதில் ஏறும்.

வாரம் ஒருமுறை பள்ளி முழுவதும் கூடும். கருப்புப் புத்தகம் வாசிக்கப்படும். குற்றம் சாட்டப்பட்டவன் செய்தானா, என்ன தண்டனை என்பதை முடிவு செய்வது வாத்தியார் இல்லை. பையன்களிலிருந்தே ஒரு ஜூரி. அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தண்டனையைக் குறைப்பதும் மன்னிப்பதும் அதற்குப் பிறகுதான்.

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். தகப்பன் சண்டையில் போனவன், தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவன், பிறவியிலேயே பொய்யன் என்று ஊர் சொன்னவன். அவனை உட்காரவைத்து, "உன் நண்பன் திருடினானா இல்லையா, நீ நியாயம் சொல்" என்று கேட்கிறார்கள். கருப்புப் புத்தகம் ஒரு அளவுகோல் என்றால் ஜூரி இன்னொரு அளவுகோல். முதலாவது நடத்தையை எண்ணுகிறது. இரண்டாவது நியாய உணர்வைப் பயன்படுத்த வைக்கிறது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1797இல் லண்டனில் பெல் சிறு நூலாக இதை வெளியிட்டார். தலைப்பின் தொடக்கம்: 'சென்னை ஆண்கள் காப்பகத்தில் செய்யப்பட்ட கல்விப் பரிசோதனை'. பிறகு நடந்தது உலக சரித்திரம். ஜோசப் லங்காஸ்டர் அதேபோன்ற முறையை லண்டனில் நடத்தினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவர் ஆட்களுக்கும் பெரிய தகராறு. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் நேஷனல் சொசைட்டி அமைந்து 'மெட்ராஸ் முறை'யைப் பரப்பியது. 1832இல் பெல் இறந்தபோது அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழும்பிய பள்ளியின் பெயர் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்'. ஜான் ஃபிரிஸ்கன் பெயரில் எங்கேயாவது ஒரு தெருவாவது இருக்கிறதா?

பாஸ் ஆனவர்கள்

பரிசோதனையின் முடிவு என்ன? இந்தப் பிள்ளைகள் பிறவியில் குறைந்தவர்கள் என்ற எண்ணம் பொய் என்பது பெல்லின் பள்ளியிலேயே நிரூபணமானது. மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாவது வில்லியம் ஸ்மித். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் 1792இல் திப்பு சுல்தான் தன் இரண்டு மகன்களைப் பிணையாகக் கொடுக்க வேண்டி வந்தது. 1794இல் கேப்டன் டவ்டன் தலைமையில் அந்தப் பிள்ளைகளைத் திருப்பி ஒப்படைக்கப் போனார்கள். அந்தக் குழுவோடு போன காப்பக மாணவன் ஸ்மித், தேவனஹள்ளியில் திப்புவின் முன்னால் விஞ்ஞானக் கருவிகளை இயக்கிச் சோதனைகள் செய்து காட்டினான். எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனிச் சிப்பாயின் மகன். இன்னொரு பக்கம் இரண்டு வருஷம் பிணையாக இருந்து அப்பாவிடம் திரும்பிய இளவரசர்கள். எதிரெதிர்ப் படைகளின் பிள்ளைகள் ஒரே கூடாரத்தில்.

இரண்டாவது ஒரு கூட்டம். 1794இல் மைக்கேல் டாப்பிங் சென்னைக் கோட்டையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். எட்டு மாணவர்களோடு ஆரம்பம், அந்தப் பையன்கள் வந்தது பெல்லின் காப்பகத்திலிருந்து. அந்தச் சர்வே பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. தமிழ்நாட்டில் பி.இ. படித்த ஒவ்வொருவனும், நானும் சேர்த்துத்தான், ஏதோ ஒரு விதத்தில் இந்தச் சிப்பாய்ப் பிள்ளைகளின் வழித்தோன்றல்.

மூன்றாவது ஜோஷுவா டி பென்னிங். காப்பகத்தில் வளர்ந்து, சர்வே பள்ளியில் பயின்று, வில்லியம் லாம்ப்டனிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து லாம்ப்டன் தொடங்கிய முக்கோண அளவை, வட ஆர்க்காட்டு மலைகளைக் கடந்து மைசூர் போய், பிறகு இந்தியா முழுவதையும் அளந்தது. 1823இல் லாம்ப்டன் இறக்கும்வரை டி பென்னிங் அவரோடு இருந்தார். பிற்பாடு கல்கத்தாவில் எவரெஸ்ட் காலத்தில் கணக்கீட்டுப் பிரிவில் முதன்மையானவர். முக்கோண அளவையில் ஒரு கோணத்தைச் சும்மா எழுதிவைத்தால் உடனே யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆள் இல்லாத மலை உச்சியில், காய்ச்சலோடு, பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். பிறவிப் பொய்யன் என்று முத்திரை குத்தப்பட்ட கூட்டத்திலிருந்து வந்தவர் இருபது வருஷம் அதைச் செய்தார்.

ஆனாலும் ஃபெயில்

இனி கசப்பான பகுதி. பெல் எழும்பூரில் ஒழுக்கத்தை அளந்துகொண்டிருந்த அதே வருஷங்களில் லண்டனில் கம்பெனி டைரக்டர்கள் வேறு ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். 1791இல், தாய் தந்தை இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் கம்பெனியின் சிவில், ராணுவ, கடல் பணிகளில் நியமனம் இல்லை என்று முடிவு செய்தார்கள். 1795இல் இன்னும் இறுக்கி, இரு பக்கமும் ஐரோப்பியப் பெற்றோர் இல்லாதவர்கள் பட்டாளத்தில் குழல் ஊதலாம், மேளம் அடிக்கலாம், பேண்டில் வாசிக்கலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம், அவ்வளவுதான் என்றார்கள்.

அதாவது 1794இல் திப்புவுக்கு விஞ்ஞானம் காட்டிய பையன், 1795இல் தன் அப்பா துப்பாக்கி பிடித்த படையில் மேளம் அடிக்க மட்டும் தகுதியானவன். கருப்புப் புத்தகத்தில் அவன் பெயர் ஒருமுறைகூட ஏறாமல் இருந்திருக்கலாம். அதைப் பார்க்க யாருக்கும் அவசியம் இல்லை. பிறப்புப் பதிவு போதும்.

எந்த அளவீட்டைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதனால்தான்: ரிசல்ட் நல்லதாக வந்தால் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் எதற்காக அளக்கிறோம்?

சிகாகோவில் 72 பையன்கள்

ஒழுக்கத்தை அளக்கும் வேலை இருபதாம் நூற்றாண்டில் விஞ்ஞானமானது. அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 1920களில் சுமார் 11,000 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். காப்பி அடிக்க வாய்ப்பு, காசு எடுக்க வாய்ப்பு, பொய் சொல்ல வாய்ப்பு என்று ரகசியமாக ஏற்படுத்தி, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். 1928இல் வந்த முதல் தொகுதியே எல்லாரையும் குழப்பியது. வகுப்பில் காப்பி அடித்தவன் விளையாட்டில் நேர்மையாக இருந்தான். விளையாட்டில் ஏமாற்றியவன் காசைத் தொடவில்லை. நேர்மையானவன், நேர்மையற்றவன் என்று இரண்டு ஜாதி இல்லை, சூழ்நிலைதான் பெரும்பாலும் தீர்மானித்தது. இன்னொன்று: எது சரி என்று சரியாகச் சொல்லத் தெரிந்ததற்கும் சரியாக நடந்துகொண்டதற்கும் பெரிய தொடர்பில்லை.

1958இல் லாரன்ஸ் கோல்பர்க் வேறு வழி பிடித்தார். சிகாகோ பக்கத்துப் பையன்கள் 72 பேர், 10 முதல் 16 வயது. ஒரு கதை சொல்லுவார். மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்துக்காரன் அநியாய விலை கேட்கிறான், கணவன் மருந்தைத் திருடலாமா? திருடலாம், கூடாது என்ற பதில் அவருக்கு முக்கியமில்லை. ஏன் என்று எப்படிக் காரணம் சொல்கிறான் என்பதைத்தான் படிநிலைகளாகப் பிரித்தார். இந்தக் கோல்பர்க்கும் கப்பல்காரர். இரண்டாம் உலகப்போர் முடிவில் அமெரிக்க வணிகக் கப்பலில் வேலை செய்தார். 1947இல் யூத அகதிகளைப் பாலஸ்தீனத்துக்கு ரகசியமாகக் கொண்டுபோன கப்பலில் போய், பிரிட்டிஷாரிடம் மாட்டி, சைப்ரஸ் முகாமில் அடைபட்டவர். சட்டத்தை மீறுவது எப்போது சரி என்ற கேள்வி அவருக்கு வெறும் புத்தகக் கேள்வி இல்லை. 72 பேரில் ஒரு பெண் பிள்ளைகூட இல்லையே என்று 1982இல் கேரல் கில்லிகன் கேட்டது தனிக் கதை.

அந்தக் கோல்பர்க் கடைசியில் எங்கே வந்து நின்றார் தெரியுமா? 1974இல் மாசசூசெட்ஸ் மாநில கேம்பிரிட்ஜில் ஒரு பள்ளி நடத்த உதவினார். அங்கே விதிமுறை, திருட்டு, தண்டனை எல்லாவற்றையும் மாணவர்களும் ஆசிரியர்களும் ஒன்றாகக் கூடி, ஆளுக்கு ஒரு ஓட்டு என்று முடிவு செய்தார்கள். இருபது வருஷம் ஒழுக்கத்தை அளந்தவர், அளப்பது போதாது, நியாயம் சொல்லும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துத்தான் வளர்க்க முடியும் என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தார். எழும்பூர் ஜூரி நினைவுக்கு வருகிறதா?

கேள்வித்தாள் எதை அளக்கிறது?

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. எதை எண்ண ஆரம்பிக்கிறோமோ அது மாறிவிடும். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் எத்தனை பிழைகளைத் தீர்த்தாய் என்று எண்ண ஆரம்பித்தார்கள். ஒரு பிழையை மூன்றாகப் பிரித்து எழுதுவது மறு வாரமே வழக்கமாகிவிட்டது. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார நிபுணர் 1975இலேயே இதைப் பணக்கொள்கை பற்றிச் சொல்லிவிட்டார். அவர் பெயரிலேயே ஒரு விதி இருக்கிறது.

ராணுவ வீட்டுப் பிள்ளையிடம் 40 கேள்விப் படிவத்தை நீட்டினால் என்ன ஆகும்? "தவறு செய்தால் ஒப்புக்கொள்வேன்", "சொன்ன வாக்கைக் காப்பாற்றுவேன்" என்ற வரிகளுக்கு எந்த மார்க் போட வேண்டும் என்று அவனுக்கு மற்ற பிள்ளைகளைவிட நன்றாகத் தெரியும். அந்த மொழி அவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதிக மார்க் வந்தால் அது ஒழுக்கமா, வீட்டு மொழியா? குறைந்த மார்க் வந்தால் அவன் கெட்டவனா, அல்லது நாற்பது பேரில் உண்மையைச் சொன்ன ஒரே ஆளா?

ஆரணித் தறிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது பிரித்துப் பார்ப்பார்கள். குறை இருந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். பட்டு நூலே மோசமாக வந்திருந்தாலும், மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறியிருந்தாலும், நெய்தவன் கணக்கில்தான் அந்தக் குறை ஏறும். கருப்புப் புத்தகத்திலும் அப்படித்தான். பையன் பொய் சொன்னான் என்று ஏறும். அம்மாவைப் பார்க்க விடவில்லை என்று ஏறாது.

நம்மையும் அளந்தார்கள்

குடும்பத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லும் பழக்கம் கலப்பினப் பிள்ளைகளோடு நிற்கவில்லை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த ஃபிரடெரிக் ராபர்ட்ஸ், பின்பு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். தெற்கத்தி சிப்பாய்க்குப் போர்க்குணம் போய்விட்டது, வடக்கே சில 'போர் மரபினர்'தான் படைக்கு ஏற்றவர்கள் என்பது அவர் கொள்கை. 1897இல் வந்த தன் நினைவுநூலில் அதை அச்சிலும் ஏற்றினார். எந்த இனம் விசுவாசமானது, எது வீரமானது, எது தந்திரமானது என்று ஜாதி ஜாதியாக எழுதிய கையேடுகள் ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்குத் தரப்பட்டன. யோசித்தால் அவையும் ஒழுக்க அளவீடுதான், பிள்ளை பிறக்கும் முன்பே மார்க் போட்டுவிடும் அளவீடு. சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் 'மெட்ராஸ் ரெஜிமென்ட்' மறுபடி எழுப்பப்பட்டது.

கிளைவ் 1751இல் ஆரணியில் சண்டை போட்டபோது அவர் படையில் நின்றது இந்தத் தெற்கத்தி சிப்பாய்களும்தான். 'போர்க்குணம் இல்லாத' அதே வட்டாரத்தில்தான் இன்றைக்கு ராணுவப்பேட்டை இருக்கிறது.

இன்று முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு அரசு வைக்கும் அளவுகோல் எளிமையானது. பிரதமர் கல்வி உதவித்தொகை வேண்டுமா, 60 சதவீத மதிப்பெண் காட்டு. குணச் சான்று கேட்பதில்லை. ஒரு விதத்தில் எனக்கு அது நிம்மதியாகவே படுகிறது. 59 சதவீதம் வாங்கியவன் வருத்தப்படலாம், ஆனால் அவனைக் கெட்ட பையன் என்று எந்தக் காகிதமும் சொல்லாது.

அப்படியென்றால் ஒழுக்கத்தை அளக்கவே கூடாதா? ஆராய்ச்சிக்காக, பெயர் இல்லாமல், ஒரு கூட்டத்துக்கு என்ன உதவி தேவை என்று தெரிந்துகொள்ள அளந்தால் சரி. அப்பா எல்லையில் இருக்கும் வருஷங்களில் பிள்ளைக்கு என்ன குறைகிறது என்று தெரிந்தால் நல்லதுதான். ஆனால் ஒரு தனிப் பையனின் நெற்றியில் ஒட்ட அந்த நம்பர் உதவாது. ஹார்ட்ஷோர்ன், மே காட்டியதைப் போல, நாளைக்கு வேறு அறையில் அவன் வேறு ஆளாக இருப்பான்.

பெல்லின் பதிவேடுகளில் எனக்கு மதிப்பில்லை. அவர் தன்னையறியாமல் செய்த இன்னொரு காரியத்தில்தான் மதிப்பு. எட்டு வயது ஃபிரிஸ்கனிடம் முதலில் ஒழுக்கத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு வகுப்பைக் கொடுக்கவில்லை. வகுப்பைக் கொடுத்தார், பையன் அதற்கு ஏற்றவனாக நின்றான். டி பென்னிங் கையில் கோணமானியைக் கொடுத்தார்கள், அவர் உண்மையை எழுதினார். ஒழுக்கம் எங்கே தெரிந்தது என்று பார்த்தால், நம்பிப் பொறுப்பைக் கொடுத்த இடங்களில்தான் தெரிந்தது.

அடுத்த பதிவில் மன்றோவின் 1822 கணக்கெடுப்பைத் தனியாக எடுத்துக்கொண்டு திண்ணைப் பள்ளிகளைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். அதற்குள், ஆரணி, போளூர், செய்யாறு பக்கத்து வாசகர்கள் யார் வீட்டிலாவது தாத்தாவின் பட்டாளத்துக் கடிதங்கள், டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தப் புத்தகங்களில் 'நன்னடத்தை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது, வீட்டில் அவரைப் பற்றி என்ன சொல்வார்கள், இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.